எந்தக் கை

காதைத்தானே பார்க்கிறீர்கள்? பாருங்கள் தம்பி, ஒன்றும் தப்பில்லை. எல்லாரும் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நீங்கள் திரும்பவில்லை, அதனால் சொல்கிறேன். பிறவியில் இப்படி இல்லை. அடிபட்டு அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டி, அப்படியே இறுகிப்போய்விட்டது. என் வீட்டுக்காரி இதை உளுந்தவடை என்பாள். ஆறிப்போன உளுந்தவடை.

எங்கே இறங்குகிறீர்கள்? மண்டேலா நகரா? நல்லதாகப் போயிற்று. நானும் அங்கேதான். கண்டக்டரிடம் கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துவிட்டது. "பெரியவரே, மண்டேலா நகர்ல நிக்கும், நிக்கும், நிக்கும். நிக்காட்டி நானே உங்களத் தூக்கிட்டுப் போயி எறக்கி விடுதேன், போதுமா?" என்கிறார். என்னைத் தூக்குவாராம். முடியாது தம்பி. அவர் எடைக்கு முடியாது.

அங்கே ஒரு பெண் எனக்காக நிற்பாள். ஜப்பான் பெண். சென்னையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலை விமானத்தில் மதுரைக்கு வந்து, ஏர்போர்ட் பக்கத்திலேயே இருக்கிற அந்த பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்துவிட்டு, சாயங்கால விமானத்தில் திரும்பிவிடுவாள். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்க இவ்வளவு தூரம். போனிலேயே கேட்டுவிட்டாள். நான்தான் லைன் சரியில்லை, நேரில் சொல்கிறேன் என்றேன். நேரில் என்றால் வரமாட்டாள் என்று நினைத்தேன். வருகிறாள் பாருங்கள்.

என் பெயர் சவேரியான் கொரேரா. தூத்துக்குடியில் உப்பளத்தில் லாரி ஏற்றுகிற இடத்தில் மேஸ்திரி. அதற்கு முன்னால் ஜப்பானில் குஸ்தி போட்டேன். நம்ப மாட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் காதை வைத்துக்கொண்டிருக்கிறேன், சாட்சிக்கு.

கப்பலில் எண்ணெய் போடுகிறவனாகப் போனவன் நான். ஒசாகாவில் நிற்கும்போது கப்பல் முதலாளி கையை விரித்துவிட்டான், கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். நான் ஒரு பழைய இரும்புக் கடையில் வேலைக்கு நின்றுவிட்டேன். ஊர் ஊராகக் குஸ்தி நடத்துகிற கம்பெனி ஒன்று, ரிங்கைக் கழற்றி மாட்ட ஆள் தேடி அங்கே வந்தது. சின்னக் கம்பெனி. முதலாளி என் உயரத்தைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். ஒரு வருஷம் ஆணி பிடுங்கினேன், அடுத்த வருஷம் ரிங்குக்குள் ஏற்றிவிட்டார். பெயர், கல்கத்தாக் கழுகு. கல்கத்தாவை நான் இன்றுவரை பார்த்ததில்லை. தூத்துக்குடி என்று போடுங்கள் என்றேன். "அது என்ன, இருமல் மருந்தா?" என்று கேட்டார். தலையில் சிங் தலைப்பாகை, கழுத்தில் ரப்பர் பாம்பு. எங்கள் பங்குச் சாமியார் பார்த்திருந்தால் அங்கேயே மந்திரித்துத் தண்ணீர் தெளித்திருப்பார்.

நான் கெட்டவன். குஸ்தியில் ஒரு கெட்டவன் வேண்டும் அல்லவா? நடுவர் பார்க்காதபோது கண்ணில் குத்துவது, முடியைப் பிடித்து இழுப்பது. நல்லவர் இசோபே. அவர்தான் இந்தப் பெண்ணின் அப்பா.

இசோபே சான் என்று சொல்ல வேண்டும். சான் என்றால் நம் ஊர் அண்ணாச்சி மாதிரி. நான் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். அர்த்தம் சொன்னேன், பிடித்துப்போயிற்று. அவர் என்னைக் கழுகு என்பார். அவர் பேசியது ஜப்பான் மொழிதான், ஆனால் எனக்கு ஞாபகத்தில் எல்லாம் நம் பேச்சாகவே இருக்கிறது. "ஏல கழுகு" என்றுதான் காதில் விழுகிறது. இந்தக் காதில்.

அவருக்குக் கம்பெனி கிடையாது. ஃப்ரீலான்ஸ். இளம் வயதில் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்து, மூத்தவர்களுக்கு முதுகு தேய்த்து, துணி துவைத்து, பானை பானையாகச் சமைத்து, உதை வாங்கித்தான் தொழில் கற்றார். ரிங்கில் ஏறிக் கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனி மூடிவிட்டது. அதிலிருந்து தனி ஆள். போன் வரும், பையைத் தூக்கிக்கொண்டு போவார். பை நிறைய முகமூடி. ஒரு ஊரில் பேய், ஒரு ஊரில் ஆக்டோபஸ், ஒரு ஊரில் சொந்த முகம். காய்கறி வியாபாரிகள் சங்கம் ஒன்று கடைத்தெருவில் குஸ்தி வைத்தது. அதில் அவர் முள்ளங்கி. முள்ளங்கியாக வந்து கத்தரிக்காயிடம் தோற்றார்.

எந்த வேஷம் போட்டாலும் தோற்பதுதான் அவர் வேலை. ஏளனமாக நினைக்காதீர்கள். புது ஆளை முதல் முறை ஏற்றும்போது எல்லாக் கம்பெனியும் இசோபேயைத்தான் கூப்பிடும். அவரிடம் ஜெயித்தால் எவனும் வீரன் மாதிரித் தெரிவான்.

முடிவு முன்கூட்டியே பேசி வைப்பதுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். யார் ஜெயிப்பது என்று மத்தியானமே சொல்லிவிடுவார்கள். விழுவதை யார் பேசி வைக்க முடியும்? இரும்புச் சட்டம், மேலே பலகை, மெல்லிய மெத்தை, அதன்மேல் தார்ப்பாய். அதில் விழ வேண்டும், தினமும்.

இன்னொன்று சொல்கிறேன், வெளி ஆட்களுக்கு இது தெரியாது. ஒருவனைத் தூக்கிப் போடுவது தூக்குகிறவன் வேலை இல்லை. தூக்கப்படுகிறவன் வேலை. அவன் எம்ப வேண்டும். நாம் கையை வைத்தால் போதும், அவனே குதித்து நம் தோளுக்கு வந்துவிடுவான். அண்ணாச்சி என்னைவிடக் கனமான ஆள். ஆனால் தூக்கினால் பஞ்சு. அவரைத் தூக்கும்போதெல்லாம் என்னையே எனக்குப் பெரிய பலசாலி மாதிரித் தோன்றும். சனமும் அப்படித்தான் நினைத்தது. அதற்குத்தான் அவருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது.

ஒரு பெரிய கம்பெனி அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டது. மாட்டேன் என்றுவிட்டார். சுதந்திரமான மனுஷன், யாருக்கும் கட்டுப்படாதவர் என்று எல்லாரும் பாராட்டினார்கள். லாரியில் போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "பெரிய கம்பெனின்னா வருஷா வருஷம் டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போயி கழுத்தப் படம் எடுப்பான்ல. அது நமக்கு ஒத்துவராது." ஃப்ரீலான்ஸ் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. படம் எடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

லாரி என்றேன் அல்லவா? அதில் ஒரு விஷயம் இருக்கிறது. எதிரிகள் இரண்டு பேரும் வெளியே சேர்ந்து நிற்கக்கூடாது. டிக்கெட் வாங்கினவன் பார்த்துவிட்டால் என்ன ஆகும்? ஒரே கடையில் சாப்பிடக்கூடாது, ஒரே ரயில் பெட்டியில் ஏறக்கூடாது. எங்கள் முதலாளி இதில் ரொம்பக் கண்டிப்பு. ஊருக்குப் போகிற வழியில் அண்ணாச்சி ரிங் லாரியில் பின்னால் ஏறிக்கொள்வார், பலகைகளுக்கு நடுவில். நானும் அங்கேதான். ஊர் எல்லை வருமுன் அவர் இறங்கி, பையோடு நடந்து வருவார், யாரோ மாதிரி. பிறகு ரிங்கில் அவர் முடியைப் பிடித்து இழுப்பேன், சனம் என்னைக் கொல்ல வரும். திரும்பும்போது ஊர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிற்பார், ஏற்றிக்கொள்வோம். இப்படியே வருஷக்கணக்காக. எங்கள் சிநேகிதம் முழுக்க அந்த லாரிக்குள்தான் நடந்தது. தார்ப்பாய் வாடையும் அவர் தடவுகிற வலி எண்ணெய் வாடையும். 

அவர் பூட்ஸ் கயிற்றை நான்தான் கட்டிவிடுவேன். எதிரியின் பூட்ஸை! முழங்கால் வரை வருகிற பூட்ஸ், நிறைய ஓட்டை. கழுத்து நரம்பு நசுங்கி அவருக்கு வலது கை விரல்கள் பிடிப்பு விட்டுப்போயிருந்தன. கயிற்றைப் பிடித்தால் நழுவும், பாட்டில் மூடி திறக்க வராது. "ஏல, இறுக்கிக் கட்டாத, ரத்தம் ஓடட்டும்" என்பார். "ரத்தம் ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன, தோக்கதுதான தோக்கீரு?" என்பேன். சிரிப்பார். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கும்.

பந்தல்குடி தாண்டிவிட்டதா? ஆமாம், தாண்டிவிட்டது. அருப்புக்கோட்டையில் டீக்கு நிற்பான்.

அவர் வீட்டுக்கும் நான் திருட்டுத்தனமாகத்தான் போக வேண்டும். கையில் ஒரு காய்கறிப் பெட்டியை வைத்துக்கொண்டு, சாமான் கொண்டுவருகிறவன் மாதிரி பின்பக்கப் படி ஏறுவேன். மகள் பெயர் சிஹோ. பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது அப்போது. அவளுக்கு நான் ஒருவன் இல்லை, இரண்டு பேர். வீட்டுக்கு வருகிறவன் கழுகு மாமா. ரிங்கில் இருப்பவன் கழுகு மாமாவின் கெட்ட தம்பி. ஒருநாள் குஸ்தி பார்க்க வந்தவள் என்மேல் செருப்பை விட்டு எறிந்தாள், நேராக மூக்கில். அடுத்த வாரம் வீட்டுக்குப் போனபோது என் மூக்கைப் பார்த்துவிட்டு, "மாமா, ஒங்க தம்பி ஒங்களையும் அடிச்சுட்டானா?" என்று கேட்டு அழுதாள். அண்ணாச்சி அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டார். தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

அவள்தான் அங்கே நிற்கப்போகிறவள்.

*

டீ நன்றாக இருந்ததா? எனக்குச் சர்க்கரை கம்மி. காசு நீங்கள் கொடுத்திருக்க வேண்டாம். சரி, உட்காருங்கள், கிளம்பிவிட்டான்.

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். காரியாபட்டி வருமுன் சொல்லிவிட்டால் நல்லது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கும் ஒரு ஒத்திகை.

வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகம். மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் ரிங். பகல் ஆட்டம். ஊர்த் திருவிழா, குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். லேசாகத் தூறல் போட்டுவிட்டு நின்றிருந்தது. தார்ப்பாயைத் துடைத்தோம். துடைத்தோம் தம்பி, நானே துடைத்தேன். மீன் வாடை பிடித்த ஈரம் அது, எவ்வளவு துடைத்தாலும் வழுக்கும்.

முடிவு, நான் ஜெயிக்க வேண்டும். கடைசியில் அவரைத் தலைகீழாகத் தூக்கி, என் முழங்கால்களுக்கு நடுவில் தலை இருக்கும்படி பிடித்து, அப்படியே உட்காருவேன். பார்க்கிறவர்களுக்குத் தலை தரையில் மோதுகிற மாதிரி இருக்கும். மோதாது. அவர் தன் உடம்பை மேலே தூக்கிக்கொள்வார், என் தொடை தாங்கிக்கொள்ளும். எத்தனையோ ஊரில் செய்ததுதான்.

அதற்கு முன்னால் அவர் மூலைக் கம்பத்தின்மேல் ஏறி என்மேல் பாய வேண்டும். நான் நகர்ந்துகொள்வேன், அவர் வயிறு பட விழுவார். அதுவும் எப்போதும் செய்வதுதான். அன்றைக்குக் கம்பத்தின் மேலேயே கால் வழுக்கிவிட்டது. வயிறு பட விழவில்லை. தோளும் கழுத்தும் முதலில் வந்தன. சத்தம் வேறு மாதிரி இருந்தது. குப்புறக் கிடந்தார். இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வலது கை வெளியே நீண்டு கிடந்தது.

இதற்கெல்லாம் எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. யாராவது ஏடாகூடமாக விழுந்தால், எதிரி அவன்மேல் போய் விழுந்து, அடிக்கிற மாதிரி நடித்துக்கொண்டே, அவன் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்குவான். என்ன, இருக்கிறாயா என்று அர்த்தம். அவன் திரும்ப அமுக்கினால், இருக்கிறேன், தொடர் என்று அர்த்தம். அமுக்காவிட்டால் நடுவருக்குக் கண் காட்ட வேண்டும், அவர் கையைத் தூக்கிக் குறுக்கே வைப்பார், ஆட்டம் நின்றுவிடும். அவ்வளவுதான். இதை மீறி ஒருவனும் ஒன்றும் செய்யமாட்டான். நான் மீறினதே இல்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவர் முதுகில் முழங்காலை வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன். ஒரு கையால் முடியைப் பிடித்தேன், மறு கையால் அவர் கையைப் பிடித்து அமுக்கினேன். சனம் என்னைத் திட்டித் தீர்க்கிறது. ஒரு கிழவி ஆரஞ்சுப் பழத்தை எறிகிறாள். ரிங்குக்கு வெளியே முதலாளி, "முடி, முடி" என்று கத்துகிறார், அடுத்து டான்ஸ் நிகழ்ச்சிக்குப் பெண்கள் மேக்கப்போடு நிற்கிறார்கள்.

அமுக்கினார்.

அமுக்கினார் தம்பி. நான் சும்மா சொல்லவில்லை. அமுக்கினார், அதனால் தூக்கினேன்.

கனத்தார். அதைச் சொல்லிவிடுகிறேன். எப்போதும் பஞ்சு மாதிரி வருகிற ஆள், அன்றைக்கு முழுப் பாரமும் என் கையில் இருந்தது. நனைந்த உப்பு மூட்டையைத் தூக்குகிற மாதிரி. எனக்கு அந்த வாரம் தோள்பட்டை சரியில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலைகீழாகத் தூக்கி நிறுத்திவிட்டேன். அப்படி ஒரு தூக்கு நான் அதற்கு முன்னும் தூக்கியதில்லை, பின்னும் தூக்கியதில்லை. திட்டிக்கொண்டிருந்த சனம் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து, பிறகு கைதட்டியது பாருங்கள். கெட்டவனுக்குக் கைதட்டு! என் வாழ்நாளில் அன்றைக்கு ஒருநாள்தான். அவர் உதவி இல்லாமல், முழுக்க என் பலத்தில்...

தோள்பட்டை சரியில்லாதவன் அப்படித் தூக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். அது அந்த நேரத்து வேகம். வரும்.

உட்கார்ந்தேன்.

பிறகு ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி. சில நாள் கிடந்தார், கண் மட்டும் அசைந்ததாகச் சொன்னார்கள். பிறகு போய்விட்டார். போலீஸ் விசாரித்தது. கையை அமுக்கிக் கேட்டேன், திரும்ப அமுக்கினார் என்றேன். நான் கையைப் பிடித்ததைப் பார்த்ததாக நடுவரும் சொன்னார். விபத்து என்று முடித்துவிட்டார்கள். அவர் எந்தக் கம்பெனி ஆளும் இல்லை, அதனால் கேட்பதற்கும் வேறு யாரும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கா? போகவில்லை. எப்படிப் போக முடியும்? வாசலில் ரசிகர்கள் நிற்கிறார்கள், பத்திரிகைக்காரன் நிற்கிறான். எதிரி போய் எட்டிப் பார்க்கலாமா? அவர் கட்டிக்காத்த மரியாதை அது. சாவுக்கும் போகவில்லை. அதே காரணம்தான். காய்கறிப் பெட்டியோடு போயிருக்கலாமே என்கிறீர்களா? சாவு வீட்டுக்குக் காய்கறி கொண்டுபோவார்களா தம்பி, நீங்கள் வேறு.

மற்ற கெட்டவர்கள் வந்தார்களா என்றால், வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கத்தரிக்காய் வேஷம் போட்ட ஆள்கூட வந்து ஓரமாக நின்று அழுதானாம். அது அவரவர் புத்தி. அண்ணாச்சி இருந்திருந்தால் என்னைத்தான் மெச்சியிருப்பார். அந்த மாதமே நான் ஊருக்கு வந்துவிட்டேன். விசா முடிகிற நேரம் எப்படியும்.

*

காரியாபட்டியா இது? இன்னும் கொஞ்சம்தான்.

நான் ஏன் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கம்பியைப் பிடித்திருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கம்பியைச் சும்மா பிடித்தால், கம்பி திரும்பப் பிடிக்கிறது.

சிரித்தாலும் சிரியுங்கள். எல்லா நேரமும் இல்லை. லாரியில் ஏறக் கைப்பிடியைப் பிடிப்பேன், மண்வெட்டிப் பிடியைப் பிடிப்பேன், ஒன்றும் இருக்காது. திடீரென்று ஒருநாள், உள்ளங்கையில் ஒரு அமுக்கு. ஒரே ஒரு அமுக்கு. இருக்கிறேன், தொடர். என் வீட்டுக்காரி கையை நான் பிடிப்பதில்லை. "கல்யாணத்துல சாமியார் பிடிச்சுக் கொடுத்த கை, அப்புறம் தொட்டியளா?" என்று ஊர் முன்னாலேயே கேட்பாள். அவளிடம் சொல்ல முடியுமா? ஒப்பந்தக்காரர்கள் கை கொடுக்க வந்தால் கும்பிட்டுவிடுவேன். மரியாதை தெரிந்தவன் என்று பெயர்.

ஆனால் இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் அமுக்காமல் இருந்திருந்தால், எனக்கு இந்த அமுக்கு எங்கேயிருந்து வருகிறது? அமுக்கியதால்தானே கையில் நின்றுவிட்டது? இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எனக்குப் பயமே கிடையாது அதில். வரும்போதெல்லாம், பார்த்தாயா, அமுக்கினார் என்று சொல்லிக்கொள்வேன். வராத மாதங்களில்தான் கஷ்டமாக இருக்கும்.

போன வாரம் போன் வந்தது. "கழுகு மாமாவா?" என்றது பெண் குரல், ஜப்பான் மொழியில். யாரையோ பிடித்து நம்பர் வாங்கியிருக்கிறாள். எப்படிம்மா இருக்க என்றேன். நன்றாக இருக்கிறேன், சென்னை வெயில் பழகிவிட்டது, தோசை பிடிக்கிறது என்றெல்லாம் சொன்னாள். பிறகு அவள் அம்மா இந்த வருஷம் இறந்துபோனதைச் சொன்னாள். "அம்மா ஒங்க மேல கோவமே படல மாமா. கழுகு கையப் பிடிச்சுக் கேட்டாரு, அப்பா அமுக்குனாரு, அப்பாவே வேணும்னுதான் தொடர்ந்தாருன்னு சொல்லிட்டே இருப்பா. அத நம்பித்தான் இத்தன வருஷம் ஓட்டுனா. சாகும்போதும் அதத்தான் சொன்னா."

நல்லதும்மா என்றேன்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும் மாமா" என்றாள். "எந்தக் கை?"

அவள் ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? அப்பா வலது கையால் அவளுக்கு ஒரு பட்டன் போட்டுவிட முடியாது, சடை பின்ன முடியாது. கடைசி வருஷங்களில் இடது கையில் கரண்டி வைத்துத்தான் சோறு சாப்பிட்டார். இதெல்லாம் எனக்கும் தெரியும். பூட்ஸ் கட்டிவிட்டவன் நான். ஆனால் அது வெளியே, தம்பி. வீட்டில், லாரியில். ரிங்குக்குள் வந்தால் அந்த மனுஷனே வேறு. நடக்க முடியாதவன் கம்பத்தில் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கை ரிங்கில் வேலை செய்யும். ஒரு அமுக்குக்கு என்ன பலம் வேண்டும்? ஒன்றும் வேண்டாம்.

இதைத்தான் அவளிடம் சொல்லப்போகிறேன். வலது கைதான் என்று. மறைக்க என்ன இருக்கிறது? புரிந்துகொள்வாள். அவள் அப்பா தொழில் அவளுக்குத் தெரியாதா?

எப்படி அமுக்கினார் என்று காட்டட்டுமா? கையைக் கொடுங்கள். பயப்படாதீர்கள், நான் ஒன்றும் செய்யமாட்டேன். நான் அவர் கையை இப்படிப் பிடித்தேன். சரியா? இப்போது நீங்கள் அவர். நான் அமுக்குகிறேன். இப்போது நீங்கள் திரும்ப அமுக்குங்கள்.

இல்லை, இவ்வளவு இல்லை. இது ரொம்ப அதிகம். கொஞ்சம் மெதுவாக.

இன்னும் மெதுவாக.

இன்னும். நீங்கள் வாலிபர், அடிபடாதவர், உங்கள் கைக்கு அடங்கத் தெரியவில்லை. விரலைத் தளர விடுங்கள். முழுக்க விடுங்கள். தூங்குகிறவன் கை மாதிரி. ம்.

அதுதான்! அதேதான். இதோ, இப்படித்தான் இருந்தது.

என்ன, அமுக்கவில்லையா? நீங்கள் அமுக்கினீர்கள் தம்பி. எனக்குத் தெரிந்தது. சும்மா வைத்திருந்தேன் என்கிறீர்கள். இல்லை, இல்லை. தெரியாமல் அமுக்கியிருப்பீர்கள், பஸ் குலுங்கியதில். எனக்கு உள்ளங்கையில் தெரிந்ததே, நான் என்ன குழந்தையா? இன்னொரு தடவை கொடுங்கள்.

வேண்டாம் என்றால் வேண்டாம். துடைத்துக்கொள்ளுங்கள். என் கை வேர்க்கும்.

*

விசில் அடித்துவிட்டார். மண்டேலா நகர்தான். பையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அதோ நிற்கிறாள். அந்த நீலக் குடை. சின்னப் பெண்ணாகப் பார்த்தது. எவ்வளவு உயரமாகிவிட்டாள் பாருங்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். அவர் அப்படித்தான் நிற்பார், கழுத்து வலி தாங்காமல். இவளுக்கு என்ன வலி, இவள் ஏன் அப்படி நிற்கிறாள்? ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்க்கிறாள். அந்தப் பெட்ரோல் பங்கில் அவரும் இப்படித்தான் ஒவ்வொரு லாரியாக...

நீங்கள் இறங்குங்கள். இல்லை, நான் எழுந்திருக்கவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு அப்படியே திரும்பிவிடுகிறேன். கண்டக்டர், நீங்க சத்தம் போடாதீங்க, நான் டிக்கெட் போட்டுக்கிடுதேன். அவுக மட்டும் எறங்குதாவ.

தம்பி, ஒரு உதவி. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லுங்கள். கொஞ்சம் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் இங்கிலீஷில் சொல்லுங்கள். பெரியவருக்கு உடம்பு சரியில்லை, பாதி வழியில் திரும்பிவிட்டார் என்று சொல்லுங்கள். அமுக்கினார் என்று சொல்லுங்கள். நன்றாக அமுக்கினார், பலமாக அமுக்கினார் என்று சொல்லுங்கள்.

எந்தக் கை என்று கேட்பாள். இடது கை என்று சொல்லுங்கள்.

ஆமாம், இடது. அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. இறங்குங்கள், பஸ் நகர்கிறது.